டோட்டோரோவுக்கு கண்ணு எங்க வைக்கறது? – வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல நான் குரோஷால, அதான் கொக்கி ஊசி பின்னல்ல, போட்ட டோட்டோரோ பொம்மை போட்டோ வந்துச்சுல்ல, ஜப்பான் அனிமேஷன் படத்துல வர்ற காட்டு ஆவி, தலையில இலை வெச்சுக்கிட்டு தொப்பையோட நின்னுட்டு இருக்குமே, அதுக்கப்புறம் தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு ஜில்லாவுல இருந்தும் கேள்வி வந்து குவிஞ்சிருச்சு. வயர் கூடை கேள்விய எல்லாம் அடுத்த மாசத்துக்கு தள்ளி வெச்சிருக்கேன், சிவன் கண் முடிச்சு கேட்டவங்க கோச்சுக்காதீங்க. இந்த மாசம் முழுக்க ஜப்பான் அனிமேஷன் பட பொம்மைங்கதான்.

கேள்வி: அக்கா, ஹாஸ்டல்ல எல்லாரும் சேர்ந்து லேப்டாப்ல டோட்டோரோ படம் பார்த்தோம். பார்த்ததுல இருந்து அந்த பொம்மை வேணும்னு இருக்கு, வாங்கலாம்னா விலை கட்டுப்படியாகல. எனக்கு சங்கிலி போடத் தெரியும், ஒரு ஸ்கார்ஃப் பாதி போட்டு வெச்சிருக்கேன். நேரா டோட்டோரோ போடலாமா? – கல்லூரி மாணவி, பாலக்கோடு

வேணாம்மா. முதல்ல கரிக்குட்டி போடு. அதே படத்துல பழைய வீட்டுக்குள்ள அந்த ரெண்டு பொண்ணுங்க ஓடி வர்றப்ப செவுத்து ஓட்டைக்குள்ள புசுக்குன்னு ஓடி ஒளியுமே கறுப்பு உருண்டைங்க, ஜப்பான்ல சுசுவாத்தாரின்னு பேரு, கரித்தூசி ஆவிங்க. 1988-ல டோட்டோரோவுல வந்ததுங்க 2001-ல வந்த ஸ்பிரிட்டட் அவே படத்துலயும் வரும், அங்க நிலக்கரி தூக்கிட்டு போயிட்டு இருக்கும், கலர் கலரா நட்சத்திர மிட்டாய் வீசினா அடிச்சு பிடிச்சு ஓடி வரும். அது வெறும் உருண்டைதான். உருண்டை வந்துருச்சுன்னா மத்த எல்லா பொம்மையும் வந்துரும்.

ஸ்கார்ஃப் போடறதுன்னா ஒரு வரிசை போயி திரும்பி அடுத்த வரிசை வர்றது. பொம்மை அப்படி இல்ல, முறுக்கு சுத்தற மாதிரி நிக்காம சுத்திக்கிட்டே போகணும். இந்த மாதிரி பஞ்சு அடைச்ச பொம்மைக்கு ஜப்பான்ல அமிகுருமின்னு பேரு, அமின்னா பின்னுறது, நுயிகுருமின்னா பஞ்சு அடைச்ச பொம்மை, ரெண்டையும் சேர்த்து வந்த வார்த்தை.

இப்ப அளவு சொல்றேன், நோட்டுல எழுதிக்கோ. 3 மில்லிமீட்டர் கொக்கி ஊசி, கறுப்பு அக்ரிலிக் நூல். மேஜிக் ரிங்ல, அதான் இழுத்தா சுருங்கற நூல் வளையத்துல, 6 சிங்கிள் குரோஷே, குட்டையான சாதா தையல். ரெண்டாவது சுத்துல ஒவ்வொண்ணுலயும் ரெண்டு, 12 ஆச்சு. மூணாவதுல ஒண்ணு சாதா, அடுத்ததுல ரெண்டு, 18. நாலாவதுல ரெண்டு சாதா, அடுத்ததுல ரெண்டு, 24. அதுக்கு மேல கூட்டாத, நாலு சுத்து 24-லயே போ. அப்புறம் வந்த வழியே திரும்பு, ரெண்டு சாதா போட்டு அடுத்த ரெண்டை ஒண்ணா சேர்த்தா 18, ஒண்ணு சாதா போட்டு ரெண்டை சேர்த்தா 12, இங்க பஞ்சு அடைச்சுரு, ஏன்னா இதுக்கு அப்புறம் வாய் விரல் நுழையாத அளவுக்கு ஆயிரும். கடைசியா ரெண்டு ரெண்டா சேர்த்து 6, நூலை வெட்டி தையல் ஊசியில கோர்த்து இழுத்து மூடு. ஒரு எலுமிச்சம்பழ சைஸ்ல வரும். மேல முடி மாதிரி சிலிர்த்துட்டு நிக்கணும்னா நாய்க்கு சீவற கம்பி பிரஷ் இருக்குல்ல அதால தேய்ச்சு விடு, அக்ரிலிக்னா பொசுபொசுன்னு கிளம்பும், பருத்தி நூல்னா கிளம்பாது. வெள்ளை ஃபெல்ட் துணியில வட்டமா ரெண்டு கண்ணு வெட்டி நடுவுல கறுப்பு புள்ளி. அவ்ளோதான். இப்படி நாலு கரிக்குட்டி போட்டு ரூம்ல ஜன்னல் ஓரமா வரிசையா வெச்சுட்டு அஞ்சாவதா டோட்டோரோவ எடு.

கேள்வி: வீடியோ பார்த்து அப்படியே போடறேன், ஆனா எனக்கு உருண்டையே வரல. ஒரு தடவை கிண்ணம் மாதிரி குவியுது, ஒரு தடவை பூ மாதிரி அலை அலையா நிக்குது. நாலு தடவை பிரிச்சுட்டேன். – இல்லத்தரசி, அரூர்

எண்ணிக்கை விடுதுங்க. வட்டம் தட்டையா வரணும்னா ஒவ்வொரு சுத்துக்கும் 6 கூடணும், 6, 12, 18, 24, 30ன்னு போகணும். கம்மியா கூடுச்சுன்னா குவியும், ஜாஸ்தி கூடுச்சுன்னா அலை விழும். நம்ம டிவி பார்த்துட்டே போடுவோம், குக்கர் விசில் எண்ணிக்கிட்டே போடுவோம், எது விசில் எண்ணிக்கை எது தையல் எண்ணிக்கைன்னு குழம்பிரும். ஒவ்வொரு சுத்தோட முதல் தையல்லயும் ஒரு மார்க்கர் மாட்டுங்க, மார்க்கர் இல்லைன்னா வேற கலர் நூல் துண்டு ஒண்ணு போதும், நான் சேஃப்டி பின்தான் மாட்டறேன்.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. அமெரிக்காக்காரங்க சிங்கிள் குரோஷேன்னு சொல்றதை இங்கிலாந்துக்காரங்க டபுள் குரோஷேன்னு சொல்வாங்க. நீங்க பார்த்தது இங்கிலாந்து பேட்டர்னா இருந்து, நீங்க அதை அமெரிக்கா கணக்குல உயரமான தையலா போட்டிருந்தீங்கன்னா, ஓட்டை ஓட்டையா நெட்டு மாதிரி வரும், உள்ள இருக்கற பஞ்சு எட்டிப் பார்க்கும். பேட்டர்ன்ல எங்கயாச்சும் சிங்கிள் குரோஷேன்னு வார்த்தை இருந்தா அது அமெரிக்கா கணக்குன்னு புரிஞ்சுக்கோங்க, இங்கிலாந்து கணக்குல அந்தப் பேரே கிடையாது.

கிண்ணம் மாதிரி குவியறப்ப எது உள் பக்கம் எது வெளிப் பக்கம்னும் பாருங்க. வெளிப் பக்கம் சின்னச் சின்ன வி எழுத்து அடுக்கி வெச்ச மாதிரி தெரியும், உள் பக்கம் படுக்கைக் கோடு கோடா இருக்கும். நிறைய பேர் உள் பக்கத்தை வெளிய காட்டிட்டு ஏன் வீடியோ மாதிரி வரலன்னு வருத்தப்படறாங்க, சட்டையை திருப்பற மாதிரி திருப்பி விட்டா போச்சு.

கேள்வி: டோட்டோரோ போட்டு முடிச்சுட்டேன். அளவெல்லாம் பேட்டர்ன்ல இருக்கற மாதிரியே. ஆனா என் பொண்ணு பார்த்துட்டு பெருச்சாளி ஏன்மா போட்டிருக்கன்னு கேக்கறா. எங்க தப்பு? – வாசகி, ராயக்கோட்டை

போட்டோ அனுப்பினீங்க, பார்த்தேன். தையல் அருமையா இருக்கு, ஒரு ஓட்டை கூட இல்ல. தப்பு கண்ணுலதான்.

இதை கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா இந்தப் பட பொம்மைங்க எல்லாத்துக்கும் இதுதான் உயிர். இந்தப் படங்களோட டைரக்டர் மியாசாகி வரைஞ்ச பாத்திரங்களை நல்லா உத்துப் பாருங்க, கோடு ரொம்ப கம்மி. டோட்டோரோவுக்கு இருக்கறதே ஒரு பெரிய உடம்பு, ரெண்டு காது, வெள்ளையில சின்னப் புள்ளி வெச்ச ரெண்டு கண்ணு, ஒரு மூக்கு, மீசை முடி, வயித்துல சில வளைவுக் கோடு. கோடு கம்மியா இருக்கறதால ஒவ்வொண்ணும் எங்க இருக்குங்கறதுலதான் முழுசும் அடங்கியிருக்கு. ஒரு தையல் தள்ளி வெச்சாலும் வேற மிருகம் ஆயிரும்.

உங்க பொம்மையில கண்ணு ரெண்டும் மூக்குக்கு மேல கிட்டக்கிட்ட இருக்கு, அதான் பெருச்சாளி. டோட்டோரோ கண்ணு ரெண்டும் நல்லா விலகி, முகத்தோட ரெண்டு ஓரத்துக்கும் போயிரும், மூக்கு கிட்டத்தட்ட அதே வரிசையில நடுவுல அகலமா உக்காந்திருக்கும். கறுப்புப் புள்ளி சின்னதா இருக்கணும், வெள்ளை ஜாஸ்தி இருக்கணும். புள்ளி பெரிசாச்சுன்னா கொஞ்சற குட்டி நாய் மாதிரி ஆயிரும், ஆனா டோட்டோரோ கொஞ்சறது இல்லீங்களே, அது பாட்டுக்கு நம்மளையே பார்த்துட்டு நிக்கும், அந்த நிக்கற தோரணைதான் அழகு. காது அடியில குறுகி நடுவுல அகலமாகி நுனியில கூரா வரணும், வேப்பிலை மாதிரி இல்ல, மாவிலைக் கொழுந்து மாதிரி. அடியை அகலமா தைச்சா முயல்.

நான் எப்படி செய்யறேன்னா, தலை மூடறதுக்கு முன்னாடி பஞ்சை தற்காலிகமா அடைச்சுட்டு, குண்டு தலை பின் இருக்குல்ல, புடவைக்கு குத்தறது, அதுல கறுப்புத் தலை பின் ரெண்டு எடுத்து கண்ணு இடத்துல குத்தி பொம்மையை டிவி மேல வெச்சுட்டு வேலையைப் பார்க்கப் போயிருவேன். போறப்ப வர்றப்ப பார்ப்பேன். தள்ளிக் குத்துவேன். மறுபடி பார்ப்பேன். ஒரு தடவை ரெண்டு நாள் அப்படியே இருந்துச்சு, மூணாவது நாள் காலையில காபி எடுத்துட்டு வர்றப்ப அது என்னை பார்த்துச்சு, உடனே அந்த இடத்துலயே கண்ணை வெச்சுட்டேன்.

நம்ம பக்கம் முனியப்பன் கோயிலுக்கு மண் குதிரை செய்யறவங்களுக்கு இது தெரியும். குதிரை முழுசா சுட்டு வர்ணம் எல்லாம் அடிச்சு கடைசியிலதான் கண் திறப்பாங்க, அது வரைக்கும் அது மண்ணுதான். எங்க தாத்தா ஊர்ல சின்ன வயசுல கண் திறக்கறதை தள்ளி நின்னு பார்த்திருக்கேன், நான் பின்னை குத்தி வெச்சுட்டு காத்திருக்கறப்ப எல்லாம் அதுதான் நினைப்புக்கு வரும்.

உங்க பொம்மையை தூக்கிப் போடாதீங்க. கண்ணை மட்டும் பிரிச்சு ஒவ்வொரு பக்கமும் மூணு தையல் வெளிய தள்ளுங்க, வயித்து வெள்ளைய இன்னும் அகலமா வெச்சு மேல மூணு, கீழ நாலுன்னு வளைவுக் கோட்டை சாம்பல் நூல்ல தைங்க. உங்க பொண்ணு என்ன சொல்றான்னு எழுதுங்க.

கேள்வி: ஒன்றரை வயசு குழந்தைக்கு, போனியோ படத்துல வர்ற சிவப்பு முடி மீன் குட்டி போனியோ பொம்மை போடறேன். பிளாஸ்டிக் சேஃப்டி கண்ணு வாங்கி வெச்சிருக்கேன், பின்னாடி வாஷர் போட்டு அழுத்தினா வரவே வராதுன்னு கடையில சொன்னாங்க. வைக்கலாமா? – அம்மா, ஓசூர்

வைக்காதீங்க. பேருதான் சேஃப்டி கண்ணு. மூணு வயசுக்கு கீழ இருக்கற குழந்தைக்கு எந்த பொம்மையிலயும் கழண்டு வர்ற சின்னப் பொருள் இருக்கவே கூடாது.

வாஷர் கழண்டு வராதுங்கறது நிஜம், ஆனா வாஷரோட சேர்த்து முழுக் கண்ணும் தையலுக்கு நடுவுல இருந்து வெளிய வரும். எங்க அண்ணன் பையனுக்கு ஒரு வயசுல நான் போட்டுக் குடுத்த கறுப்புப் பூனை அப்படித்தான் ஆச்சு. கொஞ்சம் லூசா போட்டிருந்தேன், அவன் கடிச்சு கடிச்சு எச்சில்ல நனைஞ்சு தையல் விரிஞ்சு போயிருக்கு, மத்தியானம் சாப்பாடு ஊட்ட அண்ணி வாயைத் திறந்து பார்த்தா நாக்குக்கு அடியில 8 மில்லிமீட்டர் கண்ணு. விரல் விட்டு எடுத்துட்டாங்க, ஒண்ணும் ஆகல. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. அதுல இருந்து குழந்தைக்குன்னு கேட்டா நான் கண்ணை நூல்லதான் தைக்கறேன், பட்டனும் கிடையாது, மணியும் கிடையாது, ஒட்டற ஃபெல்ட்டும் கிடையாது.

போனியோவுக்கு நூல் கண்ணு நல்லாவே வரும். கறுப்பு எம்ப்ராய்டரி நூல் ஆறு இழையும் சேர்த்து எடுத்து ஒரே இடத்துல பக்கம் பக்கமா நெருக்கி தைங்க, ஓரத்துல வெள்ளையில ஒரு சின்னக் குத்து, கண்ணுல வெளிச்சம் பட்ட மாதிரி ஆயிரும். நூலை முடிச்சு போட்டு அப்படியே வெட்டாம உடம்புக்குள்ள இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மூணு தடவை ஓட்டி வெட்டுங்க. தலை முடியை தனித்தனி இழையா தொங்க விடாதீங்க, குழந்தை இழுத்து விரல்ல சுத்திக்கும், சிவப்பு தொப்பி மாதிரி போட்டு தலையோட சேர்த்து தைச்சுருங்க.

கேள்வி: எந்த நூல் வாங்கறது? பருத்தியா உல்லனா? பஞ்சுக்கு வீட்ல பழைய இலவம்பஞ்சு தலகாணி இருக்கு, அதையே பிரிச்சு அடைக்கலாமா? – வாசகி, காவேரிப்பட்டணம்

நாம உல்லன் உல்லன்னு சொல்றது முக்காவாசி அக்ரிலிக்தான், ஆட்டு முடி இல்ல. ஆரம்பத்துக்கு அதுவே போதும், விலை கம்மி, கலர் நிறைய, துவைச்சா சுருங்காது. பருத்தி நூல்ல தையல் தெளிவா தெரியும், குழந்தை வாயில வெச்சாலும் முடி உதிராது, ஆனா கை வலிக்கும், இழுவை இருக்காது. மில்க் காட்டன்னு ஒண்ணு விக்குது, ரெண்டுக்கும் நடுவுல, கைக்கு வெண்ணெய் மாதிரி போகும். எதுவா இருந்தாலும் லேபிள்ல போட்டிருக்கற ஊசி சைஸை விட ஒண்ணு ஒன்றரை சைஸ் சின்ன ஊசி எடுங்க, ஸ்வெட்டர் நெகிழ்வா இருக்கணும், பொம்மை இறுக்கமா இருக்கணும். ஒரு கலரை முழுசுக்கும் சேர்த்து ஒரே தடவையா வாங்கிருங்க, லேபிள்ல லாட் நம்பர் ஒண்ணா இருக்கான்னு பார்த்து வாங்குங்க, அடுத்த மாசம் போனா அதே சாம்பல் வேற சாம்பலா இருக்கும், பொம்மைக்கு பேன்ட் போட்ட மாதிரி இடுப்புல கலர் மாறிரும்.

இலவம்பஞ்சு வேணாங்க. தலகாணிக்கு அது மாதிரி வராது, ஆனா பொம்மைக்கு ஆகாது. தூசி பறக்கும், தையல் சந்துல வெளிய வரும், துவைச்சா கட்டி கட்டியா ஆகி காயவே காயாது. ரெக்ரான் பஞ்சுன்னு கேளுங்க, அது பாலியஸ்டர் பஞ்சு, தலகாணி மெத்தை தைக்கற கடையில கிலோ கணக்குல குடுப்பாங்க, கால் கிலோ வாங்கினா ரெண்டு மூணு பொம்மைக்கு வரும். அப்படியே உருட்டி திணிக்காதீங்க, விரலால பிய்ச்சு பிய்ச்சு மேகம் மாதிரி ஆக்கி கொஞ்சம் கொஞ்சமா அடைங்க, இல்லைன்னா பொம்மைக்கு கழலை வந்த மாதிரி மேடு மேடா இருக்கும்.

கேள்வி: கிகிஸ் டெலிவரி சர்வீஸ் படத்துல வர்ற ஜிஜி பூனை போடறேன், கறுப்பு நூல்ல தையலே கண்ணுக்கு தெரியல, ராத்திரிதான் டைம் கிடைக்குது. – செவிலியர், தர்மபுரி

ராத்திரில கறுப்பு போடாதீங்க, கண்ணு போயிரும். காது, கால்னு சின்னச் சின்ன துண்டுகளை லீவு நாள்ல பகல் வெளிச்சத்துல போடுங்க, ராத்திரிக்கு கழுத்து ரிப்பன் மாதிரி வெளிர் கலர் வேலையை வெச்சுக்கோங்க. முடியவே முடியாதுன்னா மடியில வெள்ளைத் துண்டு விரிச்சு அது மேல வெச்சு போடுங்க, ஓட்டை வழியா வெள்ளை தெரியும், ஊசி எங்க போகணும்னு புரியும். சுத்த கறுப்புக்கு பதிலா அடர் சாம்பல் எடுத்தாலும் ஜிஜிதான்னு எல்லாரும் கண்டுபிடிச்சுருவாங்க, அந்தப் பெரிய காதும் பெரிய வெள்ளைக் கண்ணும் போதும்.

கேள்வி: டோட்டோரோ படம் எடுத்த ஸ்டூடியோ பேரு கிப்லியா ஜிப்லியா? எங்க வீட்ல சண்டை. – ஒன்பதாம் வகுப்பு மாணவன், ஊத்தங்கரை

ஜப்பான்காரங்க ஜிபுரின்னுதான் சொல்றாங்க, அதனால ஜிப்லி. 1985-ல ஸ்டூடியோ ஆரம்பிச்சப்ப ஒரு இத்தாலி விமானத்தோட பேரை வெச்சாங்க, அந்த விமானத்துக்கு பேரு வந்தது லிபியாப் பக்கம் பாலைவனத்துல அடிக்கற சூடான காத்தோட பேர்ல இருந்து. மூலத்தைப் பார்த்தா கிப்லி. ரெண்டு பேரும் ஜெயிச்சீங்க, சண்டையை விடுங்க.

கேள்வி: நான் பையன். யூடியூப் பார்த்து ஸ்பிரிட்டட் அவே படத்துல வர்ற முகமூடி ஆவி நோ ஃபேஸ் பொம்மை போட்டேன், சூப்பரா வந்திருக்கு. ஆனா அப்பா பார்த்துட்டு பொம்பளைங்க வேலைன்னு சொல்லி பேசவே மாட்டேங்கறார். – பாலிடெக்னிக் மாணவன், கிருஷ்ணகிரி

தம்பி, உன் போட்டோவை எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டினேன். அந்த வெள்ளை முகமூடியில கண்ணுக்கு மேலயும் கீழயும் ஊதாக் கோடு எவ்ளோ நேரா தைச்சிருக்க, எனக்கு அந்த அளவு நேரா வராது.

அப்பாகிட்ட வாதாடாத. நம்ம ஊர்ல தறியில உக்காந்து நெய்யறது ஆம்பளைங்கதான், கே.ஆர்.பி. அணையில வலை பின்னுறதும் கிழிஞ்ச வலைய தைக்கறதும் ஆம்பளைங்கதான், கட்டிலுக்கு நாடா பின்னுறவரும் ஆம்பளைதான், இதெல்லாம் அவருக்கும் தெரியும், கோவத்துல மறந்திருப்பார். அவருக்கு உபயோகப்படற மாதிரி ஒண்ணு போட்டுக் குடு. வண்டி சாவிக்கு ஒரு கரிக்குட்டி போட்டு சாவி மாட்டற ஆணியில பேசாம மாட்டி வெச்சுரு. எடுத்துட்டுப் போறாரா இல்லையான்னு பாரு.

கேள்வி: அக்கா, இதுவரைக்கும் பன்னெண்டு டோட்டோரோ போட்டு தெரிஞ்சவங்களுக்கு குடுத்துட்டேன், எல்லாரும் கடை போடுன்னு சொல்றாங்க. பர்கூர்ல துணிக்கடை வெச்சிருக்கற அத்தை கண்ணாடி அலமாரியில ஒரு தட்டு ஒதுக்கித் தர்றேன்னு சொல்றாங்க. விக்கலாமா? எவ்ளோ விலை வைக்கறது? – வாசகி, பர்கூர்

இந்தக் கேள்விக்கு நேரா பதில் சொல்றேன், சிலருக்கு பிடிக்காம போகலாம். டோட்டோரோ உங்க பொம்மை இல்ல. தையல் உங்களுது, உழைப்பு உங்களுது, ஆனா அந்த உருவம் அந்த ஸ்டூடியோவோடது. வீட்டுக்கு, பொண்ணுக்கு, தோழிக்கு பரிசா போட்டுக் குடுக்கறது ஒண்ணு, கடையில வெச்சு காசு வாங்கறது வேற. நம்ம நாட்டுல 1957-ம் வருஷத்து பதிப்புரிமைச் சட்டப்படி சினிமாவுக்கு வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத்துல இருந்து 60 வருஷம் உரிமை உண்டு, டோட்டோரோ 1988, நீங்களே கணக்கு போட்டுக்கோங்க, 2048 முடியணும். வெளிநாட்டுப் படம்தானே யாரு கேக்கப் போறாங்கன்னு சொல்வாங்க, கேக்காமயே போகலாம், இருந்தாலும் ஒருத்தர் கையால வரைஞ்சு வரைஞ்சு உருவாக்கினதை நாம எடுத்து விக்கறது எனக்கு மனசு ஒப்பல. நம்ம டிசைனை வேற யாராச்சும் எடுத்து வித்தா நமக்கு எப்படி இருக்கும்.

அதுக்காக கடை போடாதீங்கன்னு சொல்லல. பன்னெண்டு டோட்டோரோ போட்ட கைக்கு சொந்தமா உருவம் யோசிக்க வரும். கடைசிக் கேள்வியில அதைப் பத்தி சொல்லியிருக்கேன்.

இன்னொண்ணு, பொம்மை விக்கறதுக்கு ஒரு சட்டம் இருக்கு, நிறைய பேருக்கு தெரியல. 2021 ஜனவரியில இருந்து 14 வயசுக்கு உட்பட்ட பிள்ளைங்க விளையாடற பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கையால செஞ்சு விக்கற கைவினைக் கலைஞர்களுக்கு விலக்கு இருக்கு, ஆனா மத்திய ஜவுளி அமைச்சகத்துக்கு கீழ இருக்கற கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையர் ஆபீஸ்ல பதிவு பண்ணியிருக்கணும். அந்த கைவினைஞர் அடையாள அட்டைக்கு பெஹ்சான் கார்டுன்னு பேரு. முதல்ல அதுக்கு எழுதிப் போடுங்க, அப்புறம் அத்தை கடையில தட்டு.

விலை சொல்றேன். எங்க வீட்ல ஒரு நோட்டு இருக்கு, ஒவ்வொரு பொம்மைக்கும் நூல் எடை, மணி நேரம் எழுதி வெப்பேன். ஒரு சாண் உசர பொம்மைக்கு நூல், பஞ்சு, கண்ணு எல்லாம் சேர்த்து 200 ரூபா ஆச்சு, 12 மணி நேரம் ஆச்சு. மணிக்கு வெறும் 40 ரூபான்னு வெச்சா கூட 480, மொத்தம் 680. ஒருத்தர் வந்து கையில எடுத்துப் பார்த்துட்டு 250-க்கு குடும்மான்னார், நான் குடுக்கல. அவர் மேல தப்பு இல்ல, மெஷின்ல தைச்ச பொம்மை அந்த விலைக்கு கிடைக்குது, ஆனா இந்தக் குரோஷா தையலை போடற மெஷின் கிடையாது, ஒவ்வொண்ணும் ஒருத்தர் கையாலதான் வரணும். அதை வாங்க வர்றவங்ககிட்ட பொறுமையா சொல்லுங்க. 250-க்கு குடுத்தே ஆகணும்னா உள்ளங்கை அளவு பொம்மை ஒண்ணு தனியா டிசைன் பண்ணுங்க, பெரிய பொம்மை விலையை இறக்காதீங்க, ஒரு தடவை இறக்கினா பக்கத்து ஊர்ல போடற இன்னொரு பொண்ணுக்கும் அதே விலைதான் கிடைக்கும்.

கேள்வி: டோட்டோரோ படத்துல வர்ற பூனை பஸ், அந்த கேட்பஸ் பொம்மைக்கு பன்னெண்டு காலும் தனித்தனியா போட்டு தைக்கணுமா? – வாசகி, பென்னாகரம்

ஆமாங்க, வேற வழி இல்ல. எல்லாக் காலையும் முதல்லயே போட்டு ஒரு டப்பாவுல வெச்சுக்கோங்க, கடைசில போடலாம்னு விட்டீங்கன்னா ஏழாவது கால்ல வெறுத்துப் போயிரும்.

கேள்வி: எங்க தாத்தாவுக்கு டோட்டோரோ படம் போட்டுக் காட்டினேன். படத்துல அந்தப் பொண்ணுங்களோட அப்பா பெரிய மரத்துக்கு முன்னாடி நின்னு கும்பிடற இடத்துல எங்க தாத்தா, நம்ம ஊர் மாதிரியே இருக்குப்பான்னு சொன்னார். எனக்கு நம்ம காட்டுக்கு ஒரு டோட்டோரோ செய்யணும்னு ஆசையா இருக்கு. எப்படி ஆரம்பிக்கறது? – வாசகர், தேன்கனிக்கோட்டை

உங்க கடிதத்தை ரெண்டு மூணு தடவை படிச்சேன். தாத்தா சொன்னது சரிதான். படத்துல அது கற்பூர மரம், நம்ம பக்கம் அது ஆலமரமாவோ புளியமரமாவோ இருக்கும், கீழ ஒரு கல்லு, மஞ்சத் துணி, வேல், அந்த மரத்துல கத்தி வைக்க மாட்டோம். டோக்கியோவுக்கு பக்கத்துல சயாமா மலைக்காடுன்னு ஒண்ணு இருக்கு, அந்தக் காட்டைப் பார்த்துத்தான் மியாசாகிக்கு டோட்டோரோ படம் தோணுச்சு. இப்ப அந்தக் காட்டை டோட்டோரோ பேர்லயே ஒரு அமைப்பு நிலம் நிலமா வாங்கி காப்பாத்திட்டு வருது. அவர் தன் வீட்டுக்கு பக்கத்துல இருக்கற காட்டைப் பார்த்தார், நீங்க உங்க வீட்டுக்கு பக்கத்துல இருக்கற காட்டைப் பாருங்க.

உங்களுக்கு யானை வேணாம்னு நினைக்கறேன், யானை பொம்மை எல்லாரும் போடறாங்க, அதோட தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராவுல ராகிக் காட்டுக்கு காவல் இருக்கறவங்களுக்கு யானை பொம்மையா தோணாது. நான் சொல்றது மலை அணில். காவிரி ஓரமா ஒகேனக்கல், அஞ்செட்டி பக்கத்து காட்டுல சாம்பல் மலை அணில் இருக்கு, 2014-ல காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம்னு அறிவிச்சாங்களே, அந்தக் காட்டுலதான். ஆத்தோரத்து பெரிய மரங்கள்ல கிளைக்கு கிளை தாவும், கீழ இறங்கறது கம்மி, பூனை சைஸ் இருக்கும், உடம்புக்கு குறையாத நீளத்துல வால். முடி சாம்பல், ஆனா ஒவ்வொரு முடி நுனியிலயும் வெள்ளை தெளிச்ச மாதிரி, வயசானவங்க தலைமுடி நரைக்க ஆரம்பிக்கறப்ப இருக்குமே அந்த மாதிரி. தூரத்துல இருந்து தாத்தாவோட காட்டுல பார்த்திருந்தீங்கன்னா நான் சொல்ல வேண்டியதே இல்ல.

அந்த நரை கலரை கடையில ஒரே நூலா தேடாதீங்க. அடர் சாம்பல் மெல்லிசு நூல் ஒரு இழை, வெள்ளை மெல்லிசு நூல் ஒரு இழை, ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சு 3.5 மில்லிமீட்டர் கொக்கி ஊசியில போடுங்க, தானாவே புள்ளி புள்ளியா கலந்து வரும், எந்த இடத்துல வெள்ளை வரும்னு உங்களுக்கே தெரியாது, அதுதான் வேணும். உடம்பை டோட்டோரோ மாதிரி குண்டு பேரிக்காய் ஆக்காதீங்க, அது மியாசாகியோடது. அணில் உக்காந்து கொட்டை தின்னுறப்ப முதுகு வளைஞ்சு இருக்கும், அந்த வளைவைப் பிடிங்க, முதுகு பக்கம் மட்டும் நாலு சுத்துக்கு கூட்டிட்டு வயித்துப் பக்கம் சும்மா விட்டா தானா முன்னாடி குனியும். வாலுக்கு அக்ரிலிக்தான், போட்டு முடிச்சு கம்பி பிரஷ்ல நல்லா சீவி விடுங்க. முன் கை ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சு நடுவுல ஒரு புளியங்கொட்டை சைஸ் உருண்டை.

கண்ணை உடனே வெச்சுராதீங்க. பின் குத்தி தாத்தா உக்கார்ற திண்ணைக்கு எதிர்ல வெச்சுட்டு, அவர் எந்த இடம் சரின்னு சொல்றாரோ அங்க தைங்க.